தோட்டப்புற ஊரின் வாக்குப் போக்கை அறுபது ஆண்டுக்குத் தொகுப்பது எப்படி?

“2008-இல் தோட்டம் மொத்தமும் மாறிப்போச்சு” என்ற பேச்சை மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் கேட்கலாம், பந்திங்கிலும் கேட்கலாம், சுங்கைப் பட்டாணியிலும் கேட்கலாம். எந்தத் தோட்டம், எந்தப் பள்ளியில் எண்ணிய பெட்டி, அதே பெட்டியில் 1999-இல் என்ன விழுந்தது என்று திருப்பிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். அந்தக் கேள்விக்கு எண்ணோடு பதில் சொல்ல நினைக்கும் ஊர் வரலாறு எழுதுபவர்கள், கட்சிக் கிளைச் செயலாளர்கள், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது.

அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் அதிபர் தேர்தல் வாக்குகளைப் பல பத்தாண்டுகளுக்கு வரிசையாக அடுக்குவது ஓரளவு சுலபம். நாடு முழுவதும் ஒரே வேட்பாளர்கள், பெரும்பாலும் அதே இரண்டு கட்சிகள். நமக்கு அதிபர் தேர்தல் கிடையாது. பிரதமர் யார் என்பதை நாடாளுமன்ற வாக்குதான் முடிவு செய்கிறது என்பதால் அதையே ஈடாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இங்கே தொகுதி எல்லை மாறும், கூட்டணி மாறும், சின்னம் மாறும். ஆட்களும் லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) காலி செய்துவிட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) போய்விடுவார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வாக்கு மாறியதா, வாக்காளர் இடம் மாறினாரா என்பதைப் பிரித்துப் பார்க்காத எந்தக் கணக்கும் தோட்டப்புற ஊரில் செல்லாது.

முதல் வேலை: ஊரின் எல்லையை முடிவு செய்தல்

தொகுதியும் ஊரும் ஒன்றல்ல. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் டவுன் இருக்கிறது, சீனர்களின் புதுக்கிராமங்கள் இருக்கின்றன, எல்பில், கமுனிங் போன்ற தோட்டங்களின் பெயர் தாங்கிய பகுதிகள் இருக்கின்றன, மலாய்க் கம்பங்கள் (கிராமங்கள்) இருக்கின்றன, உள்ளே மலைப்பகுதியில் தெமியார் பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளும் இருக்கின்றன. இந்த ஐந்தையும் ஒரே சதவீதத்தில் போட்டு “சுங்கை சிப்புட் இப்படி வாக்களித்தது” என்று எழுதினால் அது யாரைப் பற்றிய வாக்கியமும் அல்ல.

நமக்கு வேண்டிய அலகு டாயெரா மெங்குண்டி, அதாவது வாக்களிப்பு வட்டாரம். தேர்தல் ஆணையமான எஸ்பிஆர் ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியையும் சட்டமன்றத் தொகுதிகளாகவும், அவற்றை வட்டாரங்களாகவும், வட்டாரத்தை லோக்காலிட்டி என்ற குடியிருப்புகளாகவும் பிரிக்கிறது. வாக்காளர் பட்டியலில் உள்ள எண்ணே இதைச் சொல்லிவிடும். முதல் மூன்று இலக்கம் நாடாளுமன்றம், அடுத்த இரண்டு சட்டமன்றம், அடுத்த இரண்டு வட்டாரம், கடைசி மூன்று குடியிருப்பு. ஒரு தோட்டத்தின் லயங்கள் தனிக் குடியிருப்பு எண்ணில் இருக்கும். பக்கத்துத் தாமானுக்கு வேறு எண். உங்கள் ஊருக்குள் எந்தெந்த வட்டாரம் அடங்கும் என்பதைக் குடியிருப்புப் பெயர்களைப் படித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வட்டாரத்தின் பெயரை மட்டும் நம்பக்கூடாது. தோட்டம் விற்றுப்போய், லயம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் தாமான் எழும்பிய பிறகும் வட்டாரத்துக்குத் தோட்டத்தின் பெயரே பல ஆண்டு நீடிப்பது உண்டு.

பெயரில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரே தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, மலாய் ஆவணத்தில் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிடுகிற பெயர் ஒன்று என்று மூன்று இருக்கலாம். ஊர்ப் பெயரே மாறியதும் உண்டு: சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. ஆகவே தொடக்கத்திலேயே ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். ஆவணப் பெயர், தமிழ்ப் பெயர், பழைய பெயர், தோட்டம் மூடிய ஆண்டு, மக்கள் எந்தத் தாமானுக்குப் போனார்கள் என்று ஐந்து பத்தி (நெடுவரிசை) போதும். கடைசி இரண்டும் எந்த ஆவணத்திலும் கிடைக்காது. கோவில் நிர்வாகத்தினர், பழைய தண்டல் (தோட்ட வேலைக் கண்காணி), ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோரிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும். வாக்கு எண்ணைத் தொடும் முன் இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு எல்லாத் திருப்பத்துக்கும் இந்தப் பட்டியல்தான் விளக்கம் தரும்.

எந்த ஆண்டிலிருந்து தொடங்கலாம்?

1955-இலிருந்து தொடங்க ஆசை வரும். வேண்டாம். அந்தத் தேர்தலின் வாக்காளர்களில் ஏறத்தாழ 84% மலாய்க்காரர்கள். இந்தியர்கள் மிகச் சிறு பங்கு, ஏனென்றால் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமை இல்லை. தோட்டம் நிறைய ஆள் இருந்தார்கள், வாக்கு இல்லை. 1957-க்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கினாலும், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுபோனவர்கள் பலர். 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடியில் குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். எனவே 1959, 1964, 1969 எண்களைப் பதிவு செய்யுங்கள், ஆனால் அவற்றைத் “தோட்டத்து மக்களின் குரல்” என்று படிக்காதீர்கள். குடியுரிமை இருந்த தோட்டத்து மக்களின் குரல் அது.

வட்டாரப் பெட்டி அளவிலான கணக்கு இன்னும் தாமதமாகத்தான் சாத்தியம். வாக்களிப்பு நிலையத்திலேயே எண்ணும் முறை 1990 தேர்தலில்தான் வந்தது; அதற்கு முன் பெட்டிகளை ஒரு மையத்துக்குக் கொண்டுபோய் எண்ணினார்கள். ஆகவே உங்கள் தொகுப்பு இரண்டு அடுக்காக இருக்கும். 1959 முதல் 1986 வரை தொகுதி அளவு. 1990 முதல் வட்டார அளவு. இரண்டையும் ஒரே கோடாக இழுத்து இணைக்காதீர்கள். வரைபடத்தில் நடுவே ஒரு இடைவெளி தெரியட்டும்.

தரவு எங்கே கிடைக்கும்

தொகுதி முடிவுகளுக்கு எஸ்பிஆர் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும் வெளியிடும் அறிக்கையே அடிப்படை. தேசிய ஆவணக் காப்பகத்திலும் பெரிய பல்கலைக்கழக நூலகங்களிலும் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான். பழைய ஆண்டுகளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையப் பத்திரிகைத் தொகுப்பு பெரிய உதவி; தேர்தலுக்கு மறுநாள், அதற்கும் மறுநாள் இதழ்களில் மலாயாத் தொகுதி முடிவுகள் வேட்பாளர் வாரியாக இருக்கும். தமிழ் முரசும் அதில் உண்டு. 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய பிரதிகளை ஊரில் யாராவது கட்டி வைத்திருந்தால், எண்களைவிட, எந்தத் தோட்டத்தில் யார் கூட்டம் போட்டார்கள் என்ற செய்திகளுக்காகப் புரட்டுங்கள். பத்திரிகை எண்ணில் அச்சுப்பிழை சாதாரணம். அதிகாரபூர்வ அறிக்கையோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம்.

வட்டார அளவுக்குப் போராங் 14 வேண்டும். ஒவ்வொரு சாலுரானிலும் (வாக்களிப்பு நிலையத்துக்குள் உள்ள தனி வாக்கு வரிசையிலும்) எண்ணி முடித்ததும் தலைமை அலுவலர் நிரப்பிக் கையெழுத்திடும் படிவம் இது; வேட்பாளரின் எண்ணும் முகவருக்கு ஒரு படி கிடைக்கும். அதனால் உங்கள் ஊரின் வரலாறு பெரும்பாலும் கட்சிக் கிளை அலுவலகத்து அலமாரியில்தான் கிடக்கிறது. இரண்டு எதிர்த்தரப்புக் கட்சிகளிடமும் கேளுங்கள். ஒரு தரப்பிடம் காணாமல் போன தாள் மற்றவரிடம் இருக்கும், இரண்டும் கிடைத்தால் சரிபார்க்கவும் முடியும். அண்மைக்காலத் தேர்தல்களுக்கு டிண்டாக் மலேசியா போன்ற தன்னார்வ அமைப்புகள் எல்லை வரைபடங்களையும் முடிவுகளையும் இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன.

வாக்காளர் பட்டியலில் பெயரும் அடையாள அட்டை விவரமும் இருக்கும். குடியிருப்பு எண்ணையும் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டு பெயர்களை உங்கள் கோப்பில் ஏற்றாமல் விட்டுவிடுங்கள். நமக்கு அவை தேவையே இல்லை.

அட்டவணை அமைப்பு

ஒரு தேர்தலில் ஒரு சாலுரானுக்கு ஒரு வரி. பத்திகள் இவை: ஆண்டு, நாடாளுமன்றமா சட்டமன்றமா, தொகுதி எண், வட்டார எண், வட்டாரப் பெயர், வாக்களித்த பள்ளி, சாலுரான் எண், பதிவான வாக்காளர், கொடுத்த வாக்குச்சீட்டு, ஒவ்வொரு வேட்பாளரின் வாக்கு, செல்லாத வாக்கு, பெட்டிக்குத் திரும்பாத சீட்டு. சதவீதத்தைக் கையால் எழுதாதீர்கள், எண் மட்டும் எழுதிக் கணிப்பொறி வகுக்கட்டும்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு கூட்டல் சோதனை கட்டாயம். வேட்பாளர் வாக்குகள், செல்லாதவை, திரும்பாதவை மூன்றும் சேர்ந்து கொடுத்த சீட்டின் எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். உதாரணத்துக்கு 520 சீட்டு கொடுத்த இடத்தில் 268, 171, 64 என்று மூவர் பெற்றிருந்து, செல்லாதவை 12, திரும்பாதவை 5 என்றால் கணக்கு சரி. சரியாக வராத வரிகளில் முக்கால்வாசி கையெழுத்துச் சிக்கல்தான்: 1-ம் 7-ம் மாறியிருக்கும், அல்லது இரண்டு வேட்பாளரின் வரி இடம் மாறியிருக்கும். வேட்பாளர் பெயர்கள் படிவத்தில் எந்த வரிசையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் தனியாகப் பாருங்கள். போன தேர்தலின் வரிசையை நினைவில் வைத்துத் தட்டச்சு செய்தால் இடம் மாறிய பிழை கூட்டல் சோதனையிலும் சிக்காது, மொத்தம் மாறாதல்லவா.

அஞ்சல் வாக்குக்கும் முன்கூட்டிய வாக்குக்கும் தனி வரி. அவற்றை எந்த வட்டாரத்தோடும் சேர்க்கக் கூடாது. முன்கூட்டிய வாக்கு 2013 பொதுத் தேர்தலில் வந்ததால், அதற்கு முன் அஞ்சல் கணக்கில் இருந்த போலீஸ், இராணுவ வாக்குகளில் ஒரு பகுதி 2013-இலிருந்து வேறு வரிக்கு நகர்ந்திருக்கும். போட்டியின்றி வென்ற தேர்தல் இருந்தால் வெற்றிடமாக விடுங்கள். அங்கே 100% என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்!

எல்லைச் சீரமைப்பைச் சமாளிப்பது

தீபகற்பத்தில் 1974, 1986, 1995, 2004, 2018 ஆகிய தேர்தல்கள் ஒவ்வொன்றும் புதிய எல்லைகளோடு நடந்தன. தொகுதி எண்ணும் மாறும்: 1999-இல் நாடாளுமன்றத்துக்கு 193 இடம், 2004-இல் 219. நடுவே சில இடங்கள் புகுந்ததால் பின்னால் வந்த தொகுதிகளின் எண்கள் நகர்ந்தன. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் எண்ணை வைத்து இணைத்தால் ஒரு ஊரின் வாக்கு இன்னொரு ஊரில் போய் உட்காரும். பெயரை வைத்தும் இணைக்க முடியாது என்று முன்பே பார்த்தோம். குடியிருப்புப் பட்டியலை வைத்துத்தான் இணைக்க வேண்டும்.

விதி ஒன்றே ஒன்று: பிரிந்ததைப் பழைய தாய் வட்டாரத்தோடு சேர்த்துப் பாருங்கள், சேர்ந்திருந்ததை ஊகித்துப் பிரிக்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. 2013-இல் ஒரு தோட்ட வட்டாரம், செல்லுபடியான வாக்கு 1,150, அதில் தராசுக்கு, அதாவது தேசிய முன்னணியின் சின்னத்துக்கு, 575. சரியாக 50%. 2018-க்கு முன் அந்த வட்டாரம் இரண்டாகிறது: தோட்டம் தனி, புதுத் தாமான் தனி. 2018-இல் தோட்டத்தில் 500 வாக்கில் தராசுக்கு 240, அதாவது 48%. தாமானில் 780-இல் 218, ஏறத்தாழ 28%. தோட்டத்தின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர் “50-இலிருந்து 48, தோட்டம் அசையவே இல்லை” என்று எழுதுவார். இரண்டையும் சேர்த்தால் 1,280-இல் 458, கிட்டத்தட்ட 36%. அதே நிலப்பரப்பில் பதினான்கு புள்ளி சரிவு. இதில் எவ்வளவு தோட்டத்து ஆட்கள் மனம் மாறியது, எவ்வளவு வெளியூரிலிருந்து தாமானுக்கு வந்தவர்களின் வாக்கு என்பதை இந்த எண் சொல்லாது. பதிவான வாக்காளர் எண்ணிக்கை எந்தக் குடியிருப்பில் எப்போது கூடியது என்று பார்த்தால் பாதி விடை தெரியும், மீதி உங்கள் பெயர்ப் பட்டியலில் இருக்கிறது.

வாக்களிக்கும் பள்ளி மாறியதையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் எண்ணிய பெட்டி என்பதால் அது தமிழர் வாக்கு என்று நினைப்பது பெரும் பிழை. சுற்றியுள்ள கம்பத்து வாக்காளர்களையும் அதே பள்ளிக்குப் போடுவது வழக்கம். மறுபக்கம், இன்று லயத்தில் குடியிருப்பவர்களில் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்கள் நிறைய, அவர்களுக்கு வாக்கில்லை. தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருப்பதும் தோட்டத்தில் வாக்கு இருப்பதும் வேறு வேறு.

கூட்டணிகளுக்குக் குறியீடு போடுவது

வாக்களிப்பு நாளில் எந்தக் கூட்டணியில் இருந்தார்களோ அதுதான் குறியீடு. பின்னால் நடந்ததை முன்னால் தள்ளக் கூடாது. 1969-இல் பாஸ் (மலேசிய இஸ்லாமியக் கட்சி), கெராக்கான், மக்கள் முற்போக்குக் கட்சி மூன்றும் ஆளும் கூட்டணிக்கு (பின்னாளில் தேசிய முன்னணி) எதிர். 1974-இல் மூன்றும் தேசிய முன்னணிக்குள். 1978-இல் பாஸ் மறுபடி வெளியே. 1990-இல் ஜசெக (ஜனநாயக செயல் கட்சி), அம்னோவிலிருந்து பிரிந்த செமாங்காட் 46-ஓடு ஓர் அணியில். 1999-இல் பாஸ், ஜசெக, கெஅடிலான் (பின்னாளில் பிகேஆர்) எல்லாம் மாற்று முன்னணியில். 2018-இல் பாஸ் தனியாக. 2022-இல் பெரிக்காத்தான் மூன்றாம் அணி. 2022 நவம்பர் 19 அன்று தேசிய முன்னணியும் பக்காத்தான் ஹராப்பானும் எதிரெதிரே நின்றன. சில நாளில் ஒரே அரசாங்கத்தில் உட்கார்ந்தார்கள் என்பதற்காக அவர்களின் வாக்கைக் கூட்டி “அரசாங்க வாக்கு” என்று போடுபவர்கள் வாக்காளர் செய்யாத தேர்வை அவர் தலையில் கட்டுகிறார்கள்.

சின்னத்தையும் தனிப் பத்தியில் எழுதுங்கள், வேட்பாளரையும் தனிப் பத்தியில் எழுதுங்கள். இதற்குச் சுங்கை சிப்புட்டைவிட நல்ல பாடம் கிடையாது. டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் மலேசிய சோசலிசக் கட்சிக்காரர், ஆனால் அந்தக் கட்சி 2008-இல்தான் பதிவு பெற்றது. 1999-இல் ஜசெகவின் ராக்கெட் சின்னத்தில் நின்றார், 2004-இல் கெஅடிலான் சின்னத்தில் நின்றார், இரண்டிலும் தோற்றார். 2008-இல் அதே கெஅடிலான் சின்னத்தில் மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை வீழ்த்தினார், 2013-இல் தக்கவைத்தார். 2018-இல் சொந்தக் கட்சிச் சின்னத்தில் நின்றபோது வைப்புத்தொகையே போயிற்று. பிகேஆரின் கேசவன் வென்றார். வேட்பாளரை மட்டும் பின்தொடர்ந்தால் ஊர் ஐந்தாண்டில் தலைகீழானதுபோல் தெரியும். அணியைப் பின்தொடர்ந்தால் 2008-இலிருந்து ஒரே திசை. இரண்டும் உண்மைதான், ஆனால் ஒரே கோட்டில் இரண்டையும் வரைய முடியாது.

ஆளும் தரப்பிலும் இதே சிக்கல். 1959 முதல் 1974 வரை துன் சம்பந்தன், 1974 முதல் 2008 வரை சாமிவேலு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்தத் தொகுதிக்கு மஇகாவின் முன்னணித் தலைவர் ஒருவர் உறுப்பினராக இருந்தார், பெரும்பாலும் அமைச்சராகவும் இருந்தார். அங்கே விழுந்த வாக்கில் ஆளுக்காக விழுந்தது எவ்வளவு, தராசுக்காக விழுந்தது எவ்வளவு? அதே நாள், அதே பள்ளியில், அதே ஆட்கள் சட்டமன்றத்துக்குப் போட்ட வாக்கோடு ஒப்பிடுங்கள். லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் அந்த நாடாளுமன்றத்துக்குள் வருகின்றன. நாடாளுமன்றத்தில் தராசு பெற்ற பங்கிலிருந்து சட்டமன்றத்தில் தராசு பெற்ற பங்கைக் கழித்தால் வேட்பாளரின் சொந்தச் செல்வாக்கு (அல்லது சொந்த வெறுப்பு) தோராயமாகக் கிடைக்கும். சட்டமன்ற வேட்பாளருக்கும் சொந்தச் செல்வாக்கு உண்டு என்பதால் இது துல்லியமான அளவு அல்ல. இந்த ஒப்பீட்டை எல்லா மாநிலத்திலும் எல்லா ஆண்டிலும் செய்யவும் முடியாது. 2022-இல் பேராக் இரண்டையும் ஒரே நாளில் நடத்தியது. சிலாங்கூர், பினாங்கு, கெடா, நெகிரி செம்பிலான் மாநிலங்கள் சட்டமன்றத்தை 2023 ஆகஸ்டுக்குத் தள்ளின. ஜொகூர் 2022 மார்ச்சிலேயே முடித்துவிட்டது.

சதவீதத்தைவிட முக்கியமான இரண்டு எண்கள்

முதலாவது சாய்வு. ஊரின் பங்கிலிருந்து நாட்டின் பங்கைக் கழிப்பது, அவ்வளவுதான். தேசிய முன்னணி நாடு முழுவதும் 2004-இல் சுமார் 64%, 2008-இல் பாதிக்குச் சற்று மேல், 2013-இல் சுமார் 47%, 2018-இல் சுமார் 34%, 2022-இல் சுமார் 22% பெற்றது. ஒரு தோட்டப் பெட்டி 2004-இல் 70%, 2018-இல் 40% கொடுத்திருந்தால் முப்பது புள்ளி சரிவு என்று தலைப்புப் போடலாம். ஆனால் சாய்வு இரண்டு ஆண்டும் கூட்டல் 6தான். நாடு எவ்வளவு இறங்கியதோ அந்தப் பெட்டியும் அவ்வளவே இறங்கியது. நாட்டோடு ஒப்பிட அது இன்னும் தராசுப் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. முடிந்தால் நாட்டு எண்ணுக்குப் பதில் தீபகற்ப எண்ணையோ மாநில எண்ணையோ பயன்படுத்துங்கள். சபா, சரவாக் போக்கு தனி.

இரண்டாவது, பதிவான வாக்காளரில் பங்கு. அரசமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் மக்களவையில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. வயது வரம்பு 21-இலிருந்து 18 ஆனது, பதிவும் தானாகவே நடந்தது. நாட்டின் வாக்காளர் எண்ணிக்கை 2018-இல் 1.49 கோடி, 2022-இல் 2.12 கோடி. வாக்களித்தவர் விகிதமோ 82%-இலிருந்து 74%-க்கு இறங்கியது. அதற்கு முன் யாராவது கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பதிந்தால்தான் பெயர் ஏறும். தோட்டத்தில் பதியாமலே நடுவயதைத் தாண்டியவர்கள் ஏராளம். 2022-இல் அவர்களும் ஒரே அடியாகப் பட்டியலுக்குள் வந்தார்கள்.

இதன் விளைவை இன்னொரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். 2018: பதிவு 800, செல்லுபடி வாக்கு 656, ஹராப்பானுக்கு 394. 2022: பதிவு 1,100, செல்லுபடி வாக்கு 748, ஹராப்பானுக்கு 411. சதவீதம் 60-இலிருந்து 55-க்கு இறங்கியது. வாக்கு எண்ணிக்கை 17 கூடியது. பதிவானவர்களில் பங்கோ 49-இலிருந்து 37-க்கு விழுந்தது. கட்சிக்காரர் தனக்குப் பிடித்த எண்ணைத் தூக்கிக் காட்டுவார். உங்கள் அட்டவணையில் மூன்றும் இருக்கட்டும்.

வாக்களிக்க வராதவர் யார் என்பதும் தோட்டப்புற ஊருக்கே உரிய கேள்வி. கிள்ளானில், ஷா ஆலாமில், ஜொகூர் பாருவில், சிங்கப்பூரில் வேலை செய்கிறவரின் அடையாள அட்டையில் இன்னும் லயத்து விலாசமே இருக்கலாம். சில நேரம் அந்த லயமே இப்போது இருக்காது. அவர் ஊருக்கு வந்து போட்டால்தான் வாக்கு. ஆகவே ஒரு தோட்டப் பெட்டியில் வருகை விகிதம் திடீரென்று விழுந்தால் சலிப்பு, கோபம் என்று எழுதுவதற்கு முன் பஸ் கட்டணத்தையும் விடுமுறையையும் நினைத்துப் பாருங்கள். 2018 தேர்தல் புதன்கிழமையில் நடந்தும் வருகை நன்றாக இருந்தது, 2022 சனிக்கிழமையில் நடந்தும் குறைந்தது. அதனால் கிழமையை மட்டும் காரணமாகச் சொல்லவும் முடியாது.

சாலுரானை வைத்து வயதைப் படிப்பது

ஒரு வட்டாரத்துக்குள் வாக்காளர்களை வயதுவாரியாகச் சாலுரான்களில் பிரிக்கிறார்கள். சாலுரான் 1-இல் மூத்தவர்கள், கடைசிச் சாலுரானில் இளையவர்கள். நாலைந்து சாலுரான் உள்ள பெரிய வட்டாரத்தில் இது அருமையான கருவி. முதல் சாலுரானுக்கும் கடைசிச் சாலுரானுக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு தேர்தலுக்கும் எழுதி வாருங்கள்.

ஒரே ஒரு சாலுரான் உள்ள தோட்ட வட்டாரத்தில் இதைச் செய்ய முடியாது. இரண்டு இருந்தாலும் நடுவில் எந்த வயதில் வெட்டினார்கள் என்பது தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2008-இன் கடைசிச் சாலுரான்காரர்கள் 2022-இல் நடுச் சாலுரானுக்கு வந்திருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அண்ணன் தம்பி வாக்கை ஒப்பிடுவதாக நினைத்து அப்பா மகன் வாக்கை ஒப்பிட்டுவிடுவோம். 1999-க்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த ஆண்டு புதிதாகப் பதிந்த சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு நவம்பர் தேர்தலில் வாக்களிக்க வாய்ப்பில்லை, பட்டியல் தயாராகவில்லை. துணைப் பிரதமராக இருந்த அன்வாரின் 1998 பதவி நீக்கத்துக்குப் பின் எழுந்த இளைஞர் அலையை 1999 பெட்டிகளில் முழுமையாகத் தேடினால் கிடைக்காது.

சின்னப் பெட்டி, பெரிய முடிவு

160 வாக்கு விழுந்த பெட்டியில் எட்டுப் பேர் இடம் பெயர்ந்தால் ஐந்து புள்ளி. அது ஒரு பெரிய குடும்பம்தான். இருநூறுக்குக் குறைந்த பெட்டிகளைத் தனிக்கோடாக வரையாதீர்கள். ஒரே தன்மையுள்ளவற்றைச் சேர்த்துத் தோட்டம், தாமான், டவுன் கடைத்தெரு, புதுக்கிராமம், கம்பம், பூர்வகுடிக் குடியிருப்பு என்று குழுவாக்குங்கள். இரண்டில் எதில் போடுவது என்று தெரியாத கலப்பு வட்டாரத்துக்குக் “கலப்பு” என்றே தனிக் குழு வையுங்கள். வசதிக்காக இழுத்துத் தோட்டத்தில் போட்டால் தோட்டத்தின் கோடு உங்கள் விருப்பத்தைக் காட்டும்.

இதே காரணத்தால் “இந்தியர்களில் இத்தனை சதவீதம்” என்று பெட்டிக் கணக்கிலிருந்து எழுத முடியாது. ஏறத்தாழ எல்லாரும் தமிழர்களாக இருக்கும் பெட்டியில் ஓரளவு சொல்லலாம். 40% தமிழர் உள்ள பெட்டியில் யார் எதற்குப் போட்டார்கள் என்று பெட்டி சொல்லாது. தமிழர்கள் அதிகமாக உள்ள பெட்டிகளில் தராசு குறைந்தது என்றால், அந்தப் பெட்டியின் தமிழரல்லாதவர்களும் மாறியிருக்கலாம்.

வரைந்த பிறகே சம்பவங்களை ஏற்றுங்கள்

கோட்டை வரைவதற்கு முன்பே 2007 நவம்பர் 25 இண்ட்ராஃப் (இந்து உரிமைப் போராட்ட அமைப்பு) பேரணியைக் குறித்துவிட்டால் கண் அங்கேயே போய் நிற்கும். முதலில் சம்பவம் எதுவும் இல்லாமல் வரைந்து, எந்தத் தேர்தலில் எந்தக் குழுவின் சாய்வு ஐந்து புள்ளிக்கு மேல் நகர்ந்தது என்று பட்டியல் எடுங்கள். அதன் பிறகு நாட்டுச் சம்பவங்களை ஒரு நிறத்திலும், ஊர்ச் சம்பவங்களை இன்னொரு நிறத்திலும் ஏற்றுங்கள். தோட்டம் கைமாறியது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்குறைப்பு, கோவில் இடமாற்றம், தமிழ்ப்பள்ளி புது இடத்துக்குப் போனது, மலிவு விலை வீடு கிடைத்தது அல்லது கிடைக்காமல் போனது. 2008-இல் எல்லாத் தோட்டக் குழுக்களின் சாய்வும் சேர்ந்து நகர்ந்திருந்தால் நாட்டுக் காரணம். ஒரு தோட்டம் மட்டும் நகர்ந்திருந்தால் அந்தத் தோட்டத்துக்குள் காரணத்தைத் தேட வேண்டும். 2013 ஏப்ரல் 18-இல் இண்ட்ராஃபின் ஒரு தரப்பு தேசிய முன்னணியோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதம் 5-ஆம் தேதி தேர்தல். அந்த ஒப்பந்தம் உங்கள் ஊரில் வாக்கைத் திருப்பியதா என்பதை 2008 சாய்வையும் 2013 சாய்வையும் அருகருகே வைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்களிடம் பேசுவது இந்தக் கட்டத்தில் பயன்படும். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்காதீர்கள். வென்ற பக்கம் போட்டதாகச் சொல்லும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. அந்த வருடம் எங்கே குடியிருந்தீர்கள், எந்தப் பள்ளியில் வரிசையில் நின்றீர்கள், யார் வண்டி ஏற்பாடு செய்தார் என்று கேளுங்கள். இவை நினைவில் சரியாக நிற்கும்.

கோப்பைக் காப்பாற்றுவது

மூலத் தாள் ஒவ்வொன்றையும் படமெடுத்து ஆண்டு, வட்டார எண், சாலுரான் எண் என்ற வரிசையில் பெயரிடுங்கள். திருத்திய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணையும் காரணத்தையும் விட்டு வையுங்கள். ஒரு படி ஊர் நூலகத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ இருக்கட்டும்; கிளை அலுவலகம் மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய தாள்தான்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாத காரணமும் உண்டு. தீபகற்பத்தின் இப்போதைய எல்லைகளை மக்களவை 2018 மார்ச் 28-இல் ஏற்றது. மறுநாள் அரசிதழில் வந்தது. இரண்டு சீரமைப்புக்கு நடுவே குறைந்தது எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறது அரசமைப்பின் 113-ஆவது பிரிவு. அந்த எட்டு ஆண்டு 2026 மார்ச்சோடு நிறைகிறது. அடுத்த சீரமைப்பு தொடங்கினால் இன்றைய வட்டாரப் பட்டியலும் வரைபடமும் பழைய ஆவணமாகிவிடும், குடியிருப்பு எண்ணோடு சேர்த்து இப்போதே நகலெடுத்து வையுங்கள். பரிந்துரை வெளியானதும் ஒரு மாதம் பார்வைக்கு வைப்பார்கள். பாதிக்கப்படும் தொகுதியின் பட்டியலில் உள்ள வாக்காளர் 100 பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து அந்த மாதத்துக்குள் ஆட்சேபம் கொடுத்தால் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்த வேண்டும். தோட்டத்து மக்கள் எந்தத் தாமானுக்குப் போனார்கள், எந்த வட்டாரமும் எந்த வட்டாரமும் ஒரே ஊர் என்பதைக் காட்ட, முதலில் போட்ட அந்த ஐந்து பத்திப் பெயர்ப் பட்டியலையும், தாய் வட்டாரமாகச் சேர்த்த அட்டவணையையும் ஆட்சேபத்தோடு இணையுங்கள். கட்சிவாரி வாக்குக் கணக்கை அதில் சேர்க்க வேண்டாம். விசாரணையில் எடுபடுவது எல்லை, தூரம், சாலை, சமூக உறவு ஆகியவைதான்.